மடையான் என்று சொன்னேன்

இந்த நிகழ்ச்சி நடப்பதற்கு முன் சங்கரன்கோவிலில் எனக்கிருந்த நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் பி.ஏ. தேறி, சென்னையில் சட்டம் முடித்து, எங்களூர் முன்சீப் கோர்ட்டில் பல ஆண்டுகளாகத் தொழில் செய்துவந்தவன் நான். பொய் வழக்கை ஏற்பதில்லை என்று எனக்குப் பெயர் இருந்தது. என்னிடம் தோற்ற கட்சிக்காரர்கள்கூடத் தெருவில் என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நடப்பார்கள். நான் பேசும் வாக்கியத்துக்கு இரண்டு பொருள் கொள்ள இடமிராது என்று நீதிபதி ஒருவர் திறந்த கோர்ட்டிலேயே சொல்லியிருக்கிறார்.

பறவை பார்ப்பதை எங்களூர் அன்று ஒரு பழக்கமாக அங்கீகரித்திருக்கவில்லை. படித்த ஒருவன் குளத்தங்கரையில் கண்ணில் குழாயை வைத்துக்கொண்டு நின்றால், ஒன்று நிலம் அளக்க வந்தவனாயிருக்க வேண்டும். இல்லையேல் அவனுக்கு ஏதோ கோளாறு. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற என் மைத்துனர் தந்த பைனாகுலரை நான் ஊரறியப் பயன்படுத்தியும் என் மதிப்புக் குறையாதிருந்ததற்கு ஒரே காரணம், அண்ணாச்சி என் பக்கத்தில் நின்றதுதான்.

அண்ணாச்சி அடுத்த வீட்டுக்காரர். என்னைவிட மூத்தவர். மார்க்கெட்டில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்தார். அவருடைய வாக்குக்குக் கரிவலம்வந்தநல்லூர் வரைக்கும் மரியாதை உண்டு. ஆனால் பறவைகளின் பெயர் எதுவும் அவர் மனத்தில் தங்கியதில்லை. அதனால் அவராகவே அவற்றுக்கு உத்தியோகம் கொடுத்துவிடுவார். வெள்ளைக் கொக்கு அவருக்குக் கணக்கப்பிள்ளை. நீர்க்காகம் போலீஸ்காரர். சாம்பல் நாரை சப்-ரிஜிஸ்திரார்.

"வே வக்கீலே, சப்-ரிஜிஸ்திரார் இன்னைக்கு லீவா? ஆளக் காணுமே."

"முகூர்த்த நாள்லா அண்ணாச்சி. எங்கயாவது விருந்துக்குப் போயிருப்பாரு."

நாளடைவில் எனக்கும் பறவைகளை 'அவன்', 'அவர்' என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அது எங்கள் இருவருக்குள் ஏற்பட்ட பேச்சு. மூன்றாமவர் காதுக்காக ஏற்பட்டதன்று. ஒரே ஒரு பெயர் மட்டும் அண்ணாச்சிக்கு முதல் நாளே மனப்பாடமாயிற்று. வயல் மடைகளிலும் ஓடைக்கரைகளிலும் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு, மண்ணோடு மண்ணாக நிற்கும் சின்னக் கொக்குக்கு மடையான் என்று பெயர். நிற்கும்போது அழுக்குப் பழுப்பு. பறக்கும்போதுதான் இறக்கை முழுதும் வெள்ளை என்று தெரியும். "இது பேரா, வசவா வே?" என்று கேட்டுவிட்டு, கரையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மார்கழி, தை மாதங்களில் அவருடைய வத்தல் லோடு தூத்துக்குடிக்குப் போகும். லாரியில் டிரைவருக்கு அருகில் நாங்கள் இருவரும் இருப்போம். வழியெல்லாம் தும்மல். விடியும் நேரத்தில் உப்பளங்களை ஒட்டி இறங்கிக்கொள்வோம். உள்ளான்கள் ஈரச் சேற்றில் ஓடி ஓடி நிற்கும். கடல் பக்கமிருந்து ஆலாப் பறவைகள் வந்து திரும்பும். ஒருமுறை தொலைவில், தண்ணீரின் மேல் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கோடு கிடந்தது. கோடு நகர்ந்தபோதுதான் அது பூநாரைக் கூட்டம் என்று தெரிந்தது. பைனாகுலரை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"இவாளுக்கு என்ன உத்தியோகம் அண்ணாச்சி?"

"வேண்டாம்வே" என்றார். "இவாளுக்கு உத்தியோகம் குடுத்தா மரியாதக் குறைச்சல்."

ஊரில் எங்களுக்குக் குளத்தைவிடவும் வசதியான இடம் அவர் வீட்டுத் தோட்டம். கிணறு, முருங்கை, வாழை. கிணற்றடியிலிருந்து வாழைக்குப் போகும் சிறு வாய்க்கால். என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். தேன்சிட்டு வாழைப்பூவில் தொங்கும்; செம்போத்து சுவர் ஓரமாக நடந்துபோகும். நான் மேலிருந்து சொல்ல, அவர் கீழிருந்து பதில் சொல்லுவார். அவர் வீட்டுப் பெண்கள் கிணற்றடியில் இருந்த வேளையில் நான் மாடி ஏறியதில்லை. இதை எவரும் மறுக்கமாட்டார்கள்.

எழுபதுகளின் கடைசியில், ஓர் ஐப்பசி மாதம். அண்ணாச்சியின் ஒரே மகளுக்கு வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுடைய தகப்பனாருக்கு அரிசி ஆலை, நல்ல குடும்பம். அதற்கு முன் இரண்டு இடங்கள் கூடிவந்து கைநழுவிப் போயிருந்தன. ஊரில் அந்தப் பெண்ணைப் பற்றி, காரணமில்லாமல், 'தட்டிப்போகிற ஜாதகம்' என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். "வே, இதுவும் தட்டிப்போச்சுன்னா அந்தப் பிள்ளைய வெளிய அனுப்ப முடியாதுவே" என்று முந்தின நாள் என்னிடம் சொன்னார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

மாலையில் வருவதாகச் சொல்லியிருந்தவர்கள் முந்தின பஸ்ஸில் மத்தியானமே வந்துவிட்டார்கள். எனக்குத் தெரியாது. விடுமுறை நாளானதால் மாடியில் இருந்தேன். வாய்க்கால் ஓரத்தில், வாழைத்தூரோடு ஒட்டியவாறு மடையான் நின்றது. பைனாகுலரின் வட்டத்துக்குள் அந்தப் பறவையைத் தவிர வேறொன்றும் இல்லை. கிணற்றடியில் அண்ணாச்சியின் செருமல் மட்டும் கேட்டது. வழக்கம்போல் குரல் கொடுத்தேன்:

"அண்ணாச்சி! நம்ம மடையான் வந்து நிக்கான் பாத்தீகளா! அழுக்கு மூட்டை மாதிரி நிக்கான்! எந்திரிச்சாத்தான் வெள்ளவேட்டி தெரியும்! ஒண்ணும் தெரியாதவன் மாதிரிதான் நிப்பான். சமயம் பாத்து ஒரே முழுங்கு!"

பதில் வரவில்லை. குழாயை இறக்கிப் பார்த்தேன். அண்ணாச்சி கையில் செம்போடு நின்றார். அவர் முன்னால், பயணத்தில் பழுப்பேறிய துண்டைத் தோளில் போர்த்தி, குனிந்து கால் கழுவிக்கொண்டிருந்த அரிசி ஆலைக்காரர் மெல்ல நிமிர்ந்தார். வெள்ளை வேட்டி. என்னைப் பார்த்தார். மடையான் பறந்து போயிற்று; அதை அவர் பார்க்கவில்லை.

உள்ளே நடந்ததைப் பிறகு அறிந்தேன். பெண்ணைப் பார்த்தார்கள், குறை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கை நனைக்கவில்லை. கேசரியும் வடையும் தட்டில் வைத்தபடியே இருக்க, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புதோம்" என்று எழுந்துவிட்டார்கள். கை நனைக்காமல் எழுந்தவர்கள் எதைச் சொல்லி அனுப்புவார்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

அண்ணாச்சி என் வாசலில் வந்து நின்றார். என்னைக் குற்றம் சொல்லவில்லை.

"வே, பஸ் வார நேரம். இங்கன பஸ் ஸ்டாண்டுலதான் நிக்காக. வந்து ஒரு வார்த்தை சொல்லிரும்."

"விளக்கிச் சொல்லுதேன் அண்ணாச்சி. அது பறவையோட பேருன்னு சொன்னா முடிஞ்சது."

"அது கொக்குன்னு எனக்குத் தெரியும்வே. அவாளுக்குக் கொக்கு வேண்டாம். 'தெரியாமச் சொல்லிட்டேன், மனசுல வச்சுக்கிடாதீங்க'ன்னா போதும்."

"நான் அவரைச் சொல்லவே இல்லையே. சொல்லாத ஒண்ணுக்கு மன்னிப்புக் கேட்டா, சொன்னதா ஆயிரும்லா?"

அண்ணாச்சி என்னோடு நடந்தார்.

செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். அந்தக் கருத்தில் இன்றும் எனக்கு மாற்றமில்லை. வருத்தம் வேறு, ஒப்புதல் வேறு. எனக்கு வருத்தம் இருந்தது, இருக்கிறது.

பஸ் நிலையத்தில் அவர்கள் பெட்டிக்கடை நிழலில் நின்றார்கள். நான் முறைப்படி வணங்கி, மடையான் என்பது அகராதியில் உள்ள சொல் என்றும், மடையில் நிற்பதால் வந்த பெயர் என்றும், வேட்டி என்றது இறக்கையின் வெண்மையை என்றும் வரிசையாக எடுத்துரைத்தேன். ஆலைக்காரர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ என்னய மடையன்னு சொல்லல. கொக்குன்னு சொன்னீக."

"உங்களைப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லலியே."

"என்னயச் சொல்லலன்னா, மெனக்கெட்டு இம்புட்டு தூரம் வந்து எதுக்கு என்கிட்டச் சொல்லுதீக?"

பெட்டிக்கடை பெஞ்சில் இருந்த ஒருவன், "வக்கீல் சார், கொக்குக்கு வேட்டி கட்டிவிட்டது யாரு?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சி என் முழங்கையைத் தொட்டார். "ஒரு வார்த்தைவே" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. நான் சொல்லின் வேர் பற்றிய விளக்கத்தை மறுபடியும் தொடங்கினேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

சம்பந்தம் அதோடு நின்றது. அதன்பின் நான்கு ஆண்டுகள் அந்தப் பெண்ணைக் கேட்டு எவரும் வரவில்லை. அவள் கிணற்றடிக்கு வருவதையே குறைத்துக்கொண்டாள் என்று என் மனைவி சொன்னாள். நான் மாடி ஏறுவதை நிறுத்தினேன். அண்ணாச்சி என்னோடு சண்டை போடவில்லை, முகம் திருப்பவுமில்லை. "வாங்க சார்" என்று சொல்லத் தொடங்கினார். அவ்வளவுதான். 'வே' போய்விட்டது. வத்தல் லாரி புறப்படும் நாளில் எஞ்சின் சத்தம் என் வீட்டைக் கடந்து போகும், நிற்காது.

ஒரு தை மாதம் நான் தனியாகப் பஸ்ஸில் தூத்துக்குடிக்குப் போனேன். பூநாரைகள் வந்திருந்தன. முன்னைவிட அதிகம். வெயில் ஏறும்வரை பார்த்தேன். எத்தனை பறவை, எந்த வயது என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது. சொல்லத்தான் யாரும் இல்லை. அதன் பிறகு அந்தக் கரைக்கு நான் போகவில்லை. பைனாகுலரின் கண்ணாடிக்குள் பூஞ்சை படர்ந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

அந்தப் பெண்ணுக்குப் பின்னர் பனவடலிசத்திரத்துப் பக்கம் மணமாயிற்று. நல்ல இடம்தான், ஆனாலும் மாப்பிள்ளைக்கு அது இரண்டாம் திருமணம். அழைப்பை அண்ணாச்சி கொண்டு வரவில்லை. மண்டிக் கணக்கப்பிள்ளை கொண்டுவந்தார். போய் வாழ்த்திவிட்டு வந்தேன். பந்தலில் அண்ணாச்சி என்னை முன்வரிசையில் உட்காரவைத்து, இலைக்கு அருகில் நின்று கவனித்தார். மரியாதையில் எள்ளளவும் குறை இல்லை.

அண்ணாச்சி காலமாகி இப்போது பல ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு என் மூத்த மகன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு அந்தப் பெண் தன் மக்களோடு வந்திருந்தாள். எல்லாரும் இருந்த கூடத்தில், தன் மகனுக்கு என்னைக் காட்டி, "இந்த மாமாதான்லே. எங்க அப்பாவுக்காவப் பஸ் ஸ்டாண்டுல, அத்தன பேரு முன்னால, கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாக. அவுகதான் மனசு இறங்கல. அப்பா சாவுத வரைக்கும் இதைச் சொல்லுவாக" என்றாள். இருந்தவர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். அன்று முதல் என் உறவினர்களும் அப்படியே சொல்லிவருகிறார்கள்.

அது உண்மையன்று. நான் கையெடுத்து வணங்கினேன், மன்னிப்புக் கேட்கவில்லை.