சட்டைப்பைக்குள் ஒரு காது

அடிபட்ட தலைகளைப் படம் பிடிப்பது என் சித்தப்பாவின் வேலை. அவசரப் பிரிவை ஒட்டிய ஸ்கேன் அறையில் அவர் வைத்ததுதான் சட்டம். கழுத்துக்கு மேலே ஒரு பொட்டு உலோகம்கூட இருக்கக் கூடாது. இருந்தால் படத்தில் வெள்ளைக் கீற்றுகள் விழுந்து ரத்தக் கசிவை மறைத்துவிடும். கம்மல், கொண்டை ஊசி, கட்டுப்பல் எதுவானாலும் தானே கழற்றி, வாசலில் நிற்கும் உறவினர் கையில் கொடுத்துவிடுவார். நர்சுகள் வைத்த பெயர், கஸ்டம்ஸ்.

"கஸ்டம்ஸ், இவருக்கு மூளையையாவது விட்டு வைங்க."

"இருந்தா பார்த்துக்கலாம், சிஸ்டர்."

அன்று மதியம் நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். குளியலறையில் வழுக்கி விழுந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்குப் படம் எடுத்து முடித்திருந்தார்கள். "ஒண்ணும் இல்லம்மா, மண்டை கெட்டி" என்று சித்தப்பா சொன்னதும், அவருடைய மகள் அழுதுகொண்டே சிரித்தாள். அடுத்த ஸ்ட்ரெச்சர் காத்திருந்தது.

அதையும் முடித்துவிட்டு வந்து சித்தப்பா டிபன் பாக்ஸைத் திறந்தபோது, டிரைவரின் ஸ்ட்ரெச்சர் திரும்பி வந்தது. கூடவே டாக்டரம்மா.

"ஸ்கேனுக்கு வர்றதுக்கு முன்னாடி நல்லா பேசிட்டிருந்தார். இப்ப எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுறார். மறுபடி எடுங்க. சர்ஜனை வரச் சொல்லிட்டேன்."

சித்தப்பாவின் கை சட்டைப்பைக்குப் போய் அங்கேயே நின்றது. பிறகு டிரைவர் மேல் குனிந்து தலையணையைச் சரிசெய்தார். தலையணையை மட்டும்தான் என்று நினைத்தேன்.

"என்னம்மா அழுறே?" என்றார் டிரைவர்.

மகள் சித்தப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "நீங்க தொட்டதும் பேசிட்டார் சார்!" அவள் கண்ணீர் அவர் புறங்கையில் விழுந்தது. சித்தப்பா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

டாக்டரம்மாவின் முகம் மட்டும் தெளியவில்லை. "நினைவு போய்ப் போய் வருதுன்னா அது இன்னும் மோசம். ஐசியூவுக்கு மாத்தணும்."

"வேண்டாம் டாக்டர்." சித்தப்பாவின் குரல் தரையைப் பார்த்து வந்தது. "அவரோட காது மெஷின். உள்ள வைக்கிறது, வெளிய தெரியாது. கழட்டுறப்போ, மக கிட்ட கொடுத்துடாதீங்கன்னு ஜாடை காட்டினார். பையில போட்டேன். மறந்துட்டேன். இப்பதான் மாட்டினேன்."

மகளின் பிடி தளர்ந்தது. அப்பாவிடம் திரும்பினாள். "காது மெஷினா? எப்பலேருந்துப்பா?"

டிரைவர் சுவரைப் பார்த்தார். "வண்டி ஓட்டுறப்பலேருந்தே."

மறைத்த மனிதர், காட்டிக் கொடுத்த மனிதர். இருவருக்கும் நடுவில் ஒரு மனிதரின் அகலம்கூட இல்லை. இருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வழியில்லை. டாக்டரம்மா எதுவும் திட்டாமல் போனை எடுத்து, சர்ஜன் வர வேண்டாம் என்றார். திட்டியிருக்கலாம்.

ஸ்ட்ரெச்சர் போனதும் சித்தப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அவ கையைப் பிடிச்சப்போ நான் வாயைத் திறக்கல. நீ கவனிச்சியாடா?"

"இல்ல சித்தப்பா."

நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும்.

"சாப்பிடுங்க."

"கை கழுவணும்" என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை. அவள் பிடித்திருந்த கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.