தலாத்து சொல்லாத பெயர்

கடுனா நகரத்துத் துதுன் வாடாவில் எங்கள் வளவில் நாலு குடும்பம். முற்றமும் கிணறும் பொது. தலாத்து அக்காவின் அடுப்பு கிழக்கு மூலையில். விடிந்ததும் ரயில் நிலையத்து ஆட்கள் மாசா வாங்கத் தட்டோடு வந்து நிற்பார்கள். குழிக்கல்லில் அரிசிமாவை ஊற்றிக் குச்சியால் திருப்பிப் போடும் கைக்கு எவ்வளவு வேலையோ, வாய்க்கும் அவ்வளவு வேலை. வருகிறவர்களை எல்லாம் பெயர் சொல்லித்தான் அழைப்பாள். போன மாதம் ஒரே ஒரு நாள் வந்தவனின் பெயரும் அவளுக்கு நினைவிருக்கும்.

மூத்த மகளின் பெயரை மட்டும் அவள் சொன்னதில்லை. அது ரக்கியா.

தலைப்பிள்ளையைத் தாய் பெயர் சொல்லி அழைப்பது எங்கள் ஹௌஸா மக்களில் வழக்கமில்லை. நாலு பேர் முன்னால் கொஞ்சுவதும் இல்லை. அழுதால் வேறு யாராவது எடுக்க வேண்டும். பால் கொடுக்கும்போதுகூட முகம் வேறு பக்கம் பார்க்கும். வெட்கம் என்போம். வெட்கமில்லாத தாய் என்று பேர் வாங்க யாருக்கும் துணிவு கிடையாது. இப்போதுள்ள பெண்கள் இதை விட்டுவிட்டார்கள். நானே என் மாமியார் போன பிறகு மூத்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முதல் தடவை காதெல்லாம் சூடாகிப்போயிற்று, ஒரு வாரத்தில் பழகிவிட்டது. அக்காவுக்கு அது வரவேயில்லை. ரக்கியா என்பது அவளுடைய மாமியாரின் பெயரும்கூட. ஒரு கதவுக்கு இரண்டு பூட்டு.

ஆறு வயதில் ரக்கியாவை ஃபுந்துவாவில் இருந்த அத்தை, குழந்தை இல்லாதவள், வளர்க்கக் கூட்டிப்போனாள். அதன்பின் அக்காவின் வாயில் அவள் ‘ஃபுந்துவாக்காரி’. ஜாரியாவில் கல்லூரிக்குப் போனபோதும் லாகோஸில் வேலைக்குப் போனபோதும் ஃபுந்துவாக்காரிதான். பெருநாளுக்கு வருவாள், மண்டியிட்டு நலம் விசாரிப்பாள், அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வாள், அவ்வளவுதான்.

அந்த ரக்கியா ஒரு நாவல் எழுதியிருந்தாள். ஆங்கிலத்தில். கடுனாவில் நடக்கும் இலக்கிய விழாவுக்கு அவளையும் அழைத்திருந்தார்கள். ‘புதிய ஆப்பிரிக்கக் கதைகள்’ என்று போட்ட தட்டியில் மூன்று முகங்கள், நடுவில் அவளுடையது. சந்தைக்குப் போகும்போதெல்லாம் அக்கா அந்தத் தட்டி இருக்கும் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கமாக நடந்தாள்.

கடைசி மகள் பில்கி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள். புத்தகத்தை வாங்கிவந்து முற்றத்தில் உட்கார்ந்து எங்களுக்கு ஹௌஸாவில் சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் பக்கத்திலேயே தாய் ஒரு தடவைகூடப் பெயர் சொல்லி அழைக்காத ஒரு பெண். அவள் அத்தையோடு வண்டி ஏறுகிற அன்று தாய் உள்ளறையில் தினை புடைத்துக்கொண்டிருக்கிறாள். எழுந்து வரவில்லை.

அன்று நான் அந்த அறையில் இருந்தேன். புடைத்து முடித்த தினையையே அக்கா மறுபடி மறுபடி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தில் உமி ஒன்றுகூட இல்லை. நான் அதைச் சொல்ல வாய் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

“கதைதானே” என்று பில்கி சமாதானம் சொன்னாள்.

“கதைன்னா பொழுது சாஞ்சப்புறம்தான் சொல்லணும். பட்டப்பகல்ல என்ன படிப்பு” என்று அக்கா எழுந்து போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து அவளிடம் ஒரு மாற்றம். மாவு கரைக்கும்போது உதடு அசைந்தது. என்னவென்று கேட்டேன். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, விழாவுக்கு வரும்போது ஃபுந்துவாக்காரி வீட்டுக்குச் சாப்பிட வருவாள், அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் பெயரைச் சொல்லிவிடப் போகிறேன் என்றாள். ஒரே தடவை. நீயும் அந்தப் பக்கம் வந்துவிடாதே என்று எனக்குக் கட்டளை வேறு.

“என்னை ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடுறீங்க, அதுல தொண்ணூறு திட்டு. அதுல ஒண்ணை அவளுக்குக் குடுங்களேன்மா” என்றாள், சுவருக்குப் பின்னாலிருந்து கேட்டுவிட்ட பில்கி. அக்கா அகப்பையை ஓங்கினாள். ஆனாலும் சிரித்துவிட்டாள்.

ரக்கியா வீட்டுக்கு வரவில்லை. விமானம் தாமதம், அப்புறம் வானொலிப் பேட்டி, மறுநாள் மதியம் அவளுடைய அமர்வு, அது முடிந்ததும் அபுஜாவுக்குக் கார். நேரமில்லை, அம்மாவைக் கூட்டிக்கொண்டு நீங்கள் வாருங்கள் என்று பில்கிக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் ஆட்டோ பிடித்துப் போனோம். அக்கா தூக்குப்பாத்திரத்தில் மாசாவும் பூசணிக் குழம்பும் எடுத்துக்கொண்டாள். அதை உள்ளே விட முடியாது என்று வாசலில் நின்றவன் வாங்கி ஓரமாக வைத்தான்.

குளிர்ந்த கூடம், நானூறு நாற்காலி. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள் தண்ணீர் பாட்டில் நீட்டினார்கள். மேடையில் மீனவர்கள் கதை எழுதிய, அக்ராவிலிருந்து வந்த ஓர் ஆள், நைரோபிப் பெண் ஒருத்தி, ரக்கியா. ஆப்பிரிக்கக் கதை யாருக்காக எழுதப்படுகிறது என்று அரைமணி நேரம் பேசினார்கள். பில்கி காதோரம் சொல்லச் சொல்ல, அக்கா மடியைப் பார்த்தபடி கேட்டாள். மேடையை அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ரக்கியா பேசும்போது தலையைச் சாய்ப்பது அப்படியே அக்காதான்.

ரக்கியா அந்த முதல் பக்கத்தை வாசித்தாள். நிகழ்ச்சியை நடத்தியது லாகோஸிலிருந்து வந்த பெண். நல்ல மனசுக்காரிதான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்தத் தாய் இன்று இங்கேயே இருக்கிறார் என்று அவள் சொன்னதும் நானூறு தலை திரும்பியது. ரக்கியா அவளிடம் ஏதோ தடுத்துச் சொன்ன மாதிரி இருந்தது. அதற்குள் ஒலிவாங்கி எங்கள் வரிசைக்கு வந்துவிட்டது. கொண்டுவந்த மாணவன் ஹௌஸாவில் பணிவாகக் கேட்டான்:

“அம்மா, உங்க மக பேரை ஒரே ஒரு தடவை சொல்லுவீங்களான்னு கேக்குறாங்க. எல்லாரும் கேக்கணும்னு ஆசைப்படுறாங்க.”

எல்லாரும் கேட்கக் கூடாது என்பதுதானே விஷயமே. முன்வரிசையில் தலைப்பாகை கட்டிய பெரியவர்கள்; அக்காவின் புருஷனோடு ரயில்வேயில் வேலை பார்த்தவர் ஒருவர்கூட இருந்தார். அக்கா எழுந்து நின்றாள். உதடு குவிந்தது. ரக்கியா மேடையில் நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள். கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டாள்.

அக்கா முக்காட்டை வாய்மேல் இழுத்துக்கொண்டாள்.

“அவங்களை, சாப்பிட வரச் சொல்லுங்க” என்றாள்.

மாணவன் அதை ஆங்கிலத்தில் சொன்னான். கூடமே சிரித்துக் கைதட்டியது. நடத்திய பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரக்கியாவும் சிரித்தாள், மற்றவர்களோடு சேர்ந்து. பிறகு அக்ராக்காரரிடம் ஒரு கேள்வி போயிற்று.

முடிந்ததும் அவளுடைய மேசைமுன் கையெழுத்து வாங்க நீள வரிசை. நாங்கள் சுவரோரம் காத்திருந்தோம். கார்க்காரன் இரண்டு தடவை வந்து அவசரப்படுத்திய பிறகு எழுந்து வந்தாள். மண்டியிட்டாள். உடம்பு சுகமா, வேலை சுகமா, வெயில் எப்படி. சுகம், சுகம், அல்லாஹ்வுக்கு நன்றி. அக்கா பக்கத்துத் தூணுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பில்கியும் நானும் விலகிப்போகலாம் என்றால் போக இடமில்லை. படம் எடுக்கிறவர்கள் சுற்றிலும் நின்றார்கள்.

ரக்கியா எழுந்தாள். தங்கையிடம்தான் சொன்னாள், ஆனால் அக்காவுக்குக் கேட்கிற மாதிரி.

“நான் கொஞ்சம் அதிகமா எழுதிட்டேனோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன் பில்கி. இல்ல. சரியாத்தான் எழுதியிருக்கேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தூக்குப்பாத்திரத்தை வாசலில் கேட்டு வாங்கிக் காரில் வைத்துக்கொண்டாள். கார் போய்விட்டது.

நான் அந்த முறத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றியது. சொன்னால் அக்கா இருபத்தெட்டு வருடம் மூடி வைத்ததைத் தெருவில் கொட்டின மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் அப்படியே போவாள். இரண்டையும் யோசித்து முடிப்பதற்குள் காரின் புழுதிகூட அடங்கிவிட்டது. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆட்டோவில் பில்கி பொரிந்து தள்ளினாள். ஒரு சொல், ஒரே ஒரு சொல். அக்கா வீட்டுக்கு வந்து மறுநாளைக்கு அரிசி ஊறப்போட்டாள்.

பத்து நாள் கழித்துப் பில்கிதான் அந்த யோசனையைச் சொன்னாள். கைபேசியில் குரலைப் பதிந்து அனுப்பலாம், எதிரில் யாரும் இருக்க மாட்டார்கள், சுவர்கூடப் பார்க்காது என்றாள். அக்கா எப்படி அழுத்துவது என்று கற்றுக்கொண்டு, கைபேசியோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நாங்கள் முற்றத்தின் மறுகோடியில் போய் உட்கார்ந்தோம்.

வெளியே வந்து கைபேசியைக் கொடுத்தாள். ஒரு நிமிடம் பதினோரு வினாடி. பில்கி காதில் வைத்துக் கேட்டாள், பிறகு என்னிடம் கொடுத்தாள். மூச்சு. வளையல் உரசும் சத்தம். நடுவில் ஒருதரம், சொல்லத் தொடங்குகிறவர்கள் இழுக்கிற மாதிரி ஒரு மூச்சு. பிறகு மறுபடி வெறும் மூச்சு.

“இதையா அனுப்ப?” என்றாள் பில்கி.

“நான் அவ்வளவுதான் சொன்னேன்” என்றாள் அக்கா.

பில்கி அனுப்பினாள். சாயங்காலம் செய்தியின் ஓரத்து இரண்டு சரிக்குறியும் நீலமாயின; ரக்கியா கேட்டுவிட்டாள். பதில் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. அக்கா தினமும் ஒரு தடவை, வேறெதையோ கேட்கிற மாதிரி, “அது கேட்டுருச்சா?” என்று கேட்கிறாள்.

“கேட்டுருச்சும்மா” என்கிறாள் பில்கி.