உடைசல் முந்திரியும் ஒரு நிமிட வீடியோவும்

அன்றைக்கு எங்கள் குவார்ட்டர்ஸின் பின்புறம், பலாமரத்து நிழலில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் சொல்லிவிடுகிறேன். நான். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, குளித்தும் தூக்கம் கலையாமல் நாற்காலியில் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரர். மூன்று நாள் முன்பு கல்யாணமான என் மகள். மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் அம்மா, அதாவது காடாம்புலியூர்ச் சம்பந்தி. அவருடைய வீட்டுக்காரர். மாப்பிள்ளையின் தங்கை. வடலூரிலிருந்து வந்திருந்த என் அக்கா. எதிர் குவார்ட்டர்ஸ் திருநெல்வேலிக்காரம்மா. அப்புறம் வீடியோ எடுக்க வந்த ஸ்டுடியோக்காரர். மொத்தம் பத்துப் பேர். காமிராவையும் சேர்த்தால் பதினொன்று. நான் அன்றைக்கு அதைச் சேர்க்காமல் விட்டுவிட்டேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கவலைப்படுவதை மட்டும் யாரும் சொல்லித்தராமலே நன்றாகப் படித்துக்கொண்டேன். பூட்டிய கதவைப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். போனில் யாருக்காவது பணம் அனுப்ப வேண்டுமென்றால் முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, வந்தது என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான் மிச்சத்தை அனுப்புவேன். மளிகைக்கடையில் என் பெயரே 'ஒத்த ரூபா அக்கா'. இந்தச் சில்லறைக் கவலைகளுக்கெல்லாம் மேலே ஒரு பெரிய கவலை இருந்தது. வீட்டுக்காரருக்கு நிலக்கரி மைன்ஸில் இன்னும் இரண்டு வருஷம்தான் சர்வீஸ். ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். வெளியே எங்களுக்கென்று ஒரு சென்ட் இடம் கிடையாது. இருந்ததெல்லாம் மகளின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் போய்விட்டது.

மகளுக்கு மாப்பிள்ளையைக் கொண்டுவந்ததும் போன்தான். ஏதோ பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளெல்லாம் சேர்ந்த ஒரு குரூப்பாம். அவர் கேட்ட கணக்குச் சந்தேகத்துக்கு இவள் பதில் போட்டாளாம். அப்புறம் இவள் தனக்கு இல்லாத சந்தேகத்தையெல்லாம் அவரிடம் கேட்டாளாம். பரீட்சையில் இரண்டு பேரும் தேறவில்லை. கல்யாணம் தேறிவிட்டது. முகம் தெரியாத இடத்தில் பேசிப் பழகியிருக்கிறார்களே என்று நான் மாதக்கணக்கில் தூங்காமல் கிடந்தேன். கடைசியில் போய்ப் பார்த்தால், பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடும் ஊர். வீட்டின் பின்னால் கொட்டகை போட்டு, நாலு பெண்களோடு முந்திரி உடைக்கிற அம்மா. நேராகப் பேசுகிறவர். எனக்குப் பிடித்துப்போயிற்று.

அன்று மறுவீட்டு விருந்து. எங்கள் பக்கத்தில் அந்த மாதிரி நாளில் நலங்குப் பாட்டு பாடுவோம். பெண்வீட்டுக்காரி மாப்பிள்ளை வீட்டை ஏசிப் பாடுவாள்; அவர்கள் திருப்பி ஏசுவார்கள். பந்தியில் கை கழுவும்போது எல்லாம் சரியாகிவிடும். யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

சம்பந்தி கொண்டுவந்த தட்டை முதலில் எட்டிப் பார்த்தது எதிர்வீட்டுத் திருநெல்வேலிக்காரம்மாதான். "ஏ யம்மா! முந்திரி ஊர்லயிருந்து வந்திருக்காவ, ஒண்ணுகூட முழுசாக் காணோமே! யக்கா, இத சும்மாவா விடப்போறிய?"

உண்மைதான். தட்டில் இருந்ததெல்லாம் உடைசல். நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எடுத்துவிட்டேன்:

முந்திரிக்காட்டுச் சம்மந்தியாம்
முறத்த ரொப்பும் சம்மந்தியாம்
முழுப்பருப்ப மூட்டகட்டி
ஊருக்கெல்லாம் வித்துப்புட்டு
ஒடைசல அள்ளி எங்க தட்டுல
ஒளிச்சு வெச்ச சம்மந்தியாம்!

தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர்கூட எழுந்து கைதட்டினார். சம்பந்தி நிதானமாக டம்ளரைக் கீழே வைத்தார். தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஆரம்பித்தார்:

கம்பெனி வூடு கம்பெனி கரண்டு
கம்பெனித் தண்ணி சம்மந்தி
ரிட்டயர் ஆனா சாவியக் குடுத்து
ரோட்டுல நிப்பீங்க சம்மந்தி!

எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு வருஷமாக நான் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைப் பலாமரத்தடியில் பாட்டாகப் பாடிவிட்டாரே. பாயசம் அடிபிடிக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். பாயசம் ஒன்றும் அடிபிடிக்கவில்லை. அடுப்பை அணைத்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது. வெளியே இன்னொரு தடவை பெரிய சிரிப்பு கேட்டது. நான் திரும்பிப் போகும்போது எல்லாரும் இலைமுன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

பத்து நாள் போயிருக்கும். திருநெல்வேலிக்காரம்மா போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். "யக்கா, நீங்க ஒலகம் பூராப் பாடுதிய!"

ஒரே ஒரு நிமிடம் ஓடுகிற வீடியோ. ஸ்டுடியோக்காரர் தன்னுடைய சேனலில் போட்டிருக்கிறார். நான் பாடுகிறேன். உடைசல் தட்டைக் கிட்டத்தில் காட்டுகிறார்கள். சம்பந்தி டம்ளரை வைக்கிறார், வாயைத் துடைக்கிறார். அவ்வளவுதான், படம் அப்படியே நிற்கிறது. யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம். மேலே மஞ்சள் எழுத்தில் 'மாமியார் அவுட்!' கீழே முன்பின் தெரியாதவர்கள் எழுதியிருந்தார்கள்: 'வாயடைச்சுப் போச்சு பாவம்', 'பொண்ணோட அம்மா வேற லெவல்', 'கஞ்ச மாமியார்'.

என்னைப் புகழ்ந்திருந்தார்கள். அதுதான் வம்பு. என் மகள் அந்த வீட்டில் அல்லவா சோறு சாப்பிடுகிறாள்? மகளுக்கு போன் போட்டேன்.

"அத்தை பார்த்தாங்களா?"

"பாத்தாங்கம்மா."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. முந்திரி ஒடச்சிகினே இருக்காங்க."

அந்த ஒன்றும் சொல்லாததுதான் என்னைக் கொன்றது. பத்துப் பேருக்காகப் பாடிய பாட்டு அது. அந்தப் பத்துப் பேருக்கும் அது விளையாட்டு என்று தெரியும். பாடியவளும் கேட்டவளும் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டதைப் பார்த்தவர்கள். கை கழுவியதும் கரைந்துபோக வேண்டிய ஏச்சு, இப்போது யார் விரல் பட்டாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. ஆயிரம் தடவை அவரைக் கஞ்சம் என்று சொல்கிறேன். ஆயிரம் தடவையும் அவர் வாயைத் துடைத்துக்கொண்டு சும்மா நிற்கிறார்.

மறுநாள் காலையிலேயே டவுன்ஷிப் வாசலில், ஆர்ச் கேட்டில் பண்ருட்டி பஸ் பிடித்தேன். காடாம்புலியூருக்கு முந்திரியும் பலாப்பழமும் கொண்டுபோக முடியாது. ஒரு கிலோ மிக்சரும் இரண்டு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டேன்.

சம்பந்தி கொட்டகையில், முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுப் புண்ணாகாமலிருக்கக் கையில் சாம்பல் பூசிக்கொண்டு கட்டையால் கொட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை. "செயிச்சவங்க வந்துட்டாங்க. நாற்காலி எடுத்துப் போடுங்கடி." உடைக்கிற பெண்கள் நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "சம்மந்தி, சத்தியமா எனக்குத் தெரியாது. அந்த வீடியோவை அழிச்சிடச் சொல்றேன். இன்னைக்கே சொல்றேன்."

"இன்னாத்துக்கு அழிக்கணும்?" கட்டையைக் கீழே வைத்தார். "நீங்க பாடனதுல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஒடைசல் குடுத்தேன், பாடனீங்க. முழுப்பருப்ப வித்தாதான எம்மவனுக்குக் கல்யாணம் பண்ண முடியும்? என் கேள்வி இன்னான்னா, நான் பாடனது எங்க? நீங்க பாடனது பாட்டு, நான் பாடனது கொட்டாவியா? இந்தத் தெருவுல நலங்குன்னா என்னத்தான் வெத்தல பாக்கு வெச்சிக் கூப்புடுவாங்க. இப்ப ஒவ்வொருத்தியும் வந்து, இன்னாக்கா பதிலே சொல்லலியான்னு கேக்குறா!"

நான் மெதுவாகச் சொன்னேன். "நானும் முழுசாக் கேக்கல சம்மந்தி. ரோட்டுல நிப்பீங்கன்னதும் உள்ள போயிட்டேன்."

அவர் கையிலிருந்த சாம்பலைத் தட்டினார். "அதுக்கு மேல இருந்துச்சே."

"என்ன இருந்துச்சு?"

"நான் ஏன் இப்ப சொல்லணும்? அவங்கிட்டதான் வீடியோ இருக்குதில்ல. கெளம்புங்க, போயி வாங்கிகினு வரலாம்."

சம்பந்தி, மகள், நான் மூன்று பேரும் ஸ்டுடியோ இருக்கிற வடலூருக்கு பஸ் ஏறினோம். வழி நெடுக எனக்கு இன்னொரு கவலை. ஸ்டுடியோக்காரருக்குக் கல்யாண வீடியோ, ஆல்பம் கணக்கில் ஒன்பதாயிரம் ரூபாய் நான் பாக்கி. கடன் வைத்திருக்கிற வாயால் எப்படிச் சண்டை போடுவது? சம்பந்தியின் காதில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாக்கி இருக்குதா? நல்லதாப் போச்சி!"

ஸ்டுடியோக்காரர் நாற்பதை நெருங்குகிற மனிதர். எங்களைப் பார்த்ததும் மூன்று டீ சொன்னார். "ஆண்ட்டி, செம ரீச்! இதைப் பாத்துட்டு நாலு பார்ட்டி புக் பண்ணிருக்காங்க. நலங்குப் பாட்டு வேணும்னே கேக்கறாங்க."

"தம்பி," என்றார் சம்பந்தி, "இத போடலாமான்னு யாரக் கேட்ட?"

"ஃபங்ஷன்ல எடுக்கறது ஸ்டுடியோவுக்குச் சொந்தம் ஆண்ட்டி. எல்லாரும் அப்படித்தான்..."

"என் மூஞ்சிய உனக்கு எப்பப்பா பட்டா போட்டுக் குடுத்தேன்?"

டீ கொண்டுவந்தவர்கூடச் சிரித்துவிட்டார். என் மகள் போனை மேசைமேல் வைத்தாள். கேட்காமல் நம் முகத்தைப் போட்டால் எடுக்கச் சொல்லி எழுதுவதற்கு அந்தத் தளத்திலேயே ஒரு பக்கம் இருக்கிறதாம். அதைப் பஸ்ஸிலேயே நிரப்பி வைத்திருந்தாள். கடைசிப் பட்டனை அழுத்துவதுதான் மிச்சம். "அழுத்தட்டுமா அண்ணா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். எட்டாவதோடு நின்ற எனக்கு இப்படி ஒரு பட்டன் இருக்கிறதென்றே தெரியாது. அழிக்கச் சொல்லிக் கெஞ்சுவது ஒன்றுதான் வழி என்று நினைத்திருந்தேன்.

"அழுத்திடு," என்றேன் நான்.

"அழுத்தாத," என்றார் சம்பந்தி. "அழிச்சிட்டா நான் தோத்ததுதான் நிக்கும். தம்பி, முழுசா இருக்குதா உங்கிட்ட? போடு பாக்கலாம்."

ஸ்டுடியோக்காரர் பெரிய திரையில் போட்டார். பலாமரம், நாற்காலி, என் பாட்டு, டம்ளர். சம்பந்தி பாடுகிறார். ரோட்டில் நிப்பீங்க என்கிறார். படத்தின் ஓரத்தில் என் முதுகு அடுப்படிக்குள் போய் மறைகிறது. அப்புறம் நான் கேட்காதது வருகிறது:

ரோட்டுல எதுக்கு நிக்கணும்
வூடு ஒண்ணு இருக்குது சம்மந்தி
ஒடைசல் தின்னாலும் ஒண்ணாத் திம்போம்
வந்து சேருங்க சம்மந்தி!

அப்போது வந்ததுதான் அந்தப் பெரிய சிரிப்பு. திரையில் என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைக்கிறார். இந்த மனிதரும் என்னிடம் சொல்லவில்லை. பின்னாளில் கேட்டதற்கு, "நீ கேட்டிருப்பேன்னு நெனச்சேன்" என்றார்.

நான் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் ஸ்டுடியோ மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாட்டுக்காகச் சொன்னீங்களா, நெசமாவா?" என்று கேட்டேன்.

"பின்பக்கம் ரெண்டு ரூம் சும்மாதான் கெடக்குது. முந்திரிச் சாக்குதான் இருக்குது. சாக்க எடுத்தா நீங்க. வாடகையெல்லாம் வாங்குவேன், சும்மா வுடுவேன்னு பாக்காதீங்க."

"முழுசாப் போடுங்க தம்பி," என்றேன் நான். என் வாழ்க்கையில் கவலைப்படாமல் சொன்ன சில வார்த்தைகளில் அது ஒன்று.

ஆனாலும் இனி கேட்காமல் எதுவும் இல்லை என்று முடிவாகிவிட்டதே. படத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் அங்கிருந்தே போன் போட்டாள் மகள். ஆண்கள் மூவரும் சரி என்றார்கள். என் அக்கா, தான் குண்டாகத் தெரிகிறோமா என்று மட்டும் கேட்டாள். திருநெல்வேலிக்காரம்மா, தன்னை இன்னும் கொஞ்ச நேரம் காட்ட முடியுமா என்று கேட்டார். மாப்பிள்ளையின் தங்கை மட்டும் ஒரேயடியாக மறுத்தாள். அவள் வாய் நிறைய வடையோடு உட்கார்ந்திருக்கிறாளாம். "நான் வேணாம்னா வேணாந்தான்!" அவளுக்கும் அந்த உரிமை உண்டுதானே. ஸ்டுடியோக்காரர் அவள் முகத்தின்மேல் ஒரு பலாப்பழத்தை வைத்து மறைத்தார். முழு வீடியோவிலும் ஒரு பலாப்பழம் தாவணி கட்டிக்கொண்டு வடை சாப்பிடுகிறது.

"நாலு பார்ட்டி எங்க பாட்டால வந்துச்சின்னியே," என்று எழுந்திருக்கும்போது ஆரம்பித்தார் சம்பந்தி. "பாட்டுக்கூலி?" அரை மணி நேரப் பேரத்துக்குப் பிறகு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என் பாக்கியில் கழிந்தது. "அதுல பாதி எனக்கு, வாடகையில சேத்துக்கலாம்," என்றார் பஸ்ஸில்.

முழு வீடியோ வந்த மறுநாளிலிருந்து கீழே வேறு மாதிரி எழுத ஆரம்பித்தார்கள். 'காடாம்புலியூர் அம்மாதான் ஜெயிச்சாங்க' என்று ஏராளமான பேர். அதை எனக்கு ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டியதும் சம்பந்திதான். நாங்கள் முன்பின் பார்த்திராத சிலர், நாங்களும் அந்த டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள்தான் என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் மதுரையில் இருக்கிறாராம், ஒருவர் மகனோடு பெங்களூரில். எங்கள் பின்புறத்துப் பலாமரத்தைப் பார்த்ததும் தங்கள் வீட்டு மரம் இன்னும் காய்க்கிறதா என்று ஒருத்தி கேட்டிருந்தாள். எந்த பிளாக், எந்தத் தெரு என்று கேட்டு, நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் போட்டேன். காய்க்கிறது. சாவி கொடுத்த யாரும் ரோட்டில் நிற்கவில்லை.

இப்போது சம்பந்தி வாரம் ஒரு பாட்டு தன் போனிலேயே பாடி எனக்கு அனுப்புகிறார். நான் பதில் பாடுகிறேன். ஊருக்குப் போடலாமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு, பாதியைப் போடுகிறோம். மிச்சப் பாதி எங்களுக்குள்.

போன வாரம் ஸ்டுடியோக்காரர் பாக்கியைக் கேட்டு போன் செய்தார். வழக்கம்போல முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, "வந்துச்சா தம்பி?" என்றேன். வந்தது என்றார். மிச்சத்தை அனுப்ப விரலை வைத்தபோது சம்பந்தியிடமிருந்து போனில் கூப்பாடு. "சம்மந்தி, நிறுத்துங்க! ஆல்பத்துல அந்த ஒடைசல் தட்டு போட்டோ இருக்குதாம். அத எடுத்துட்டு, முழுப்பருப்பு வெச்ச தட்டப் போடச் சொல்லுங்க. நான் புதுசாத் தட்டு ரொப்பி அனுப்புறேன். அதுவரைக்கும் ஒரு காசு குடுக்காதீங்க!"

ஆல்பம் இன்னும் வரவில்லை. ஏழாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் பாக்கி.