அன்டனாவைத் திருப்பிய வெள்ளிக்கிழமை

எங்கள் லயத்தின் டீவி அன்டனா ஆண்டு முழுவதும் இந்தியாவைப் பார்த்துத்தான் நிற்கும். இலங்கை மலைநாட்டில் திம்புள்ளப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம் உயரமான இடம். அதிலும் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் மேல்கணக்கு லயம் மலை விளிம்பில் இருந்தது. மேகம் இறங்காத நாட்களில் கடலுக்கு அப்பாலிருந்து தமிழ் நிகழ்ச்சிகள் எங்களுக்குக் கிடைக்கும். பாதி படம், பாதி புள்ளி. ஆனாலும் வெள்ளிக்கிழமை மாலையில் சினிமாப் பாட்டுப் போடும்போது எங்கள் லயத்து வீட்டில், எங்கள் காம்பராவில், கால் வைக்க இடமிருக்காது. இடம் கிடைக்காதவர்கள் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் நின்று எட்டிப் பார்ப்பார்கள்.

டீவி எங்களுடையது. கறுப்பு வெள்ளை. லயத்துக்கு அப்போது கரண்ட் வரவில்லை. கார் பேட்டரியில் ஓடியது. பேட்டரியைத் தலவாக்கலைக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வருவது என் கணவரின் வேலை. அன்டனா, லயத்துக்குப் பின்னால் தேயிலைக்கு நடுவே பாறையோரத்தில் ஊன்றிய நீளமான இரும்புப் பைப்பில் இருந்தது. அதைக் கவனிப்பது பக்கத்துக் காம்பராக்காரரின் வேலை. அவர் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். லயம் முழுவதும் அவரைப் பெரியண்ணன் என்றே கூப்பிட்டது. அவர் தொட்டால்தான் பைப் சொன்னபடி கேட்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். அவரும் அதை மறுத்ததில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு வெள்ளிக்கிழமை அந்த அன்டனாவை நாங்கள் திருப்பினோம். என் நாட்குறிப்பில் அன்றைக்கு இரண்டு வரிதான் இருக்கிறது. பேட்டரி ஏற்றியது ஒன்று, மழை பெய்தது மற்றது. மீதியை நினைவிலிருந்து, நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நான் தோட்டத்துப் பிள்ளை காம்பராவில் ஆயாவாக இருந்தேன். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. அங்கே தினமும் பால் கொண்டுவந்தவர் ஒரு சிங்கள அம்மா. தோட்டத்துக்குக் கீழே இருக்கும் சிங்களக் கிராமத்தை நாங்கள் நாடு என்போம். அவர் அந்த நாட்டிலிருந்து செங்குத்தான படி ஏறி வருவார். நான் அவரைச் சிங்களத்தில் அக்கே, அதாவது அக்கா என்பேன். அவர் என்னை நங்கி, தங்கச்சி என்பார். கணவரை இழந்தவர். ஒரே மகன். அவன் இராணுவத்தில் இருந்தான்.

அந்த வருடங்களில் எங்கள் ஆட்களுக்கு இராணுவம் என்றால் சோதனைச் சாவடிதான். ஹட்டன் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கி வரிசையில் நிற்க வைப்பார்கள். அடையாள அட்டை இல்லாதவர்கள் பாடு சொல்ல வேண்டியதில்லை. வடக்கில் எங்கள் மொழி பேசும் சனங்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதும் வானொலியில் கேட்டுக்கொண்டிருந்ததுதான். அதனால் இராணுவத்தைப் பற்றி லயத்தில் யாரும் நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் அக்கேயின் மகனை நான் இராணுவம் என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்குக் காரணம் உண்டு.

என் தம்பி கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தான். ஒரு சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தகவல் வந்த காலையில் நான் பிள்ளை காம்பராவில் அழுதபடியே தொட்டில் கட்டிக்கொண்டிருந்தேன். பால் ஊற்ற வந்த அக்கே காரணம் கேட்டார். சொன்னதும் பால் கேனை அப்படியே வைத்துவிட்டு டவுனுக்குப் போய் மகனுக்கு டெலிபோன் எடுத்தார். அவன் அப்போது கொழும்பில் கடமையில் இருந்தான். சீருடையோடு பொலிசுக்குப் போய், "இவனை எனக்குத் தெரியும், எங்க அம்மா பால் குடுக்கிற இடத்து ஆள்" என்று சொல்லியிருக்கிறான். தம்பி வெளியே வந்தான். வாசலில் அவனுக்கு பாலில்லாத ஒரு பிளேன்டீயும் பணிஸ் ரொட்டியும் வாங்கிக் கொடுத்து, பஸ் நிலையம் வரைக்கும் கூடவே வந்து ஏற்றிவிட்டானாம். வழியில் யாரும் மறிக்கக்கூடாது என்பதற்காக.  

அடுத்த வருடம் அந்த மகன் மிதிவெடியில் ஒரு காலை இழந்தான். முழங்காலுக்குக் கீழே. அக்கே கொழும்பு ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போய் வந்தார். இடுப்புவரை போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தூக்கிப் பார்க்க அவன் விடவில்லை என்றார். பிறகு கால் இழந்த படையினரை வைத்துப் பழக்கும் ஓர் இடத்துக்கு அவனை மாற்றினார்கள். கிராமத்துக் கடைக்கு டெலிபோன் எடுத்து, "நடக்கிறேன் அம்மே, பொய்க்கால் நல்லா இருக்கு" என்பான். வீட்டுக்கு எப்போது வருவாய் என்று கேட்டால், "நம்ம படியில தனியா இறங்க முடியும்னா வருவேன். யார் தோளிலும் ஏறி வரமாட்டேன்" என்பான். எட்டு மாதமாக வரவில்லை.

"பொய் சொல்லுது நங்கி" என்பார் அக்கே. "சின்னதுல மரத்துல இருந்து விழுந்து கை ஒடஞ்சி வந்துச்சு. கேட்டா ஒன்னும் இல்ல அம்மேன்னு சொல்லுச்சு. அந்தப் புள்ளதானே இது."

அப்படியிருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. படையினருக்கும் அவர்களுக்குத் துணைநின்ற பொதுமக்களுக்கும் வருடாவருடம் கொழும்பில் ஒரு விருது விழா நடக்கும். அரசாங்கத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டுவார்கள். எங்கள் லயத்தில் யாரும் அதைப் பார்த்ததில்லை. அந்த வருடம் அக்கேயின் மகனுக்கும் ஒரு பதக்கம் இருந்தது. காயம்பட்ட பிறகும் தன்னோடு இருந்த ஒருவனை இழுத்து வந்து காப்பாற்றியதற்காக. அக்கே சேலை எடுத்து வைத்துப் புறப்படத் தயாரானார். அவனோ, "நீங்க வர வேணாம் அம்மே, டீவியில பாருங்க" என்றுவிட்டான்.

அது அவருக்குப் பெரிய அடி. நடக்க முடியாததை மறைக்கத்தான் வர வேண்டாம் என்கிறான் என்று முடிவே கட்டிவிட்டார். அவருடைய வீடு பள்ளத்தில் இருந்தது. அங்கே எந்த டீவியிலும் படம் வராது.

"நங்கி, வெள்ளிக்கிழம ஒங்க வீட்டுக்கு வரவா? மெடல் எல்லாம் எனக்கு வேணாம். புள்ள மேடைக்கு எப்படிப் போகுதுன்னு மட்டும் பாக்கணும்."

வெள்ளிக்கிழமை. பாட்டு நேரம்.

வியாழன் மாலை நான் இஸ்தோப்பில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். முதலில் பேசியது எதிர்க் காம்பரா அக்கா.

"ஆர்மிக்கு மெடல் குத்துறத நாம ஒக்காந்து பாக்கணுமாக்கும்? நல்லா இருக்கு ஞாயம்."

"ஒரு வாரம் பாட்டுக் கேக்காட்டி செத்தா போயிருவோம்?" என்றார் என் கணவர்.

"ஒங்களுக்கென்ன, பாட்டு ஓடறப்ப கொறட்டதானே விடுவீங்க."

பெரியண்ணன் சுருட்டைப் பற்றவைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். போன மாதம்தான் அவரைச் சோதனைச் சாவடியில் மழையில் நிற்க வைத்து, சாப்பாட்டுப் பொட்டலத்தைக் குச்சியால் கிளறியிருந்தார்கள். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் இல்லாமல் பைப் திரும்பாது.

"எனக்கு ஆர்மியும் வேணாம், அவிங்க மெடலும் வேணாம்" என்றார். சுருட்டுச் சாம்பலைத் தட்டினார். "ஆனா இந்தப் புள்ளைங்க பூரா அந்தம்மா ஊத்துன பால் குடிச்சு வளந்ததுதானே. திருப்பித் தாறேன். ராத்திரிக்குள்ள மறுபடி இந்தியாவுக்கு வந்துரணும். சொல்லிப்புட்டேன்."

மறுநாள் மதியத்திலிருந்தே மழை. அக்கே வெள்ளைச் சேலை கட்டி, ஒரு போத்தல் தயிரோடு வந்தார். அவரை டீவிக்கு நேராக இருந்த ஒரே நாற்காலியில் உட்கார வைத்தோம். பாட்டு இல்லை என்று தெரிந்தும் எல்லோரும் வந்திருந்தார்கள். எதிர்க் காம்பரா அக்கா முதல் ஆளாக வந்திருந்தார்.

எங்கள் ஏற்பாடு எப்போதும் ஒன்றுதான். பெரியண்ணன் மேலே பைப்பைத் திருப்புவார். நான் டீவியின் குமிழைத் திருப்புவேன். என் கணவர் வாசலில் நின்று, உள்ளே தெரிவதை மேலே கத்திச் சொல்வார். அன்றைக்குப் பனிமூட்டத்தில் பெரியண்ணன் கண்ணுக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"இப்ப?"

"புள்ளி!"

"இப்ப?"

"புள்ளிதான்!"

நான் குமிழை இன்னும் ஒரு தட்டுத் திருப்பினேன். சட்டென்று சீருடை போட்ட ஆட்கள் வரிசையாக நடந்து வந்தார்கள். காம்பராவே கத்தியது.

"வந்துருச்சு! நிப்பாட்டுங்க!"

சத்தம் வரவில்லை, இரைச்சல்தான். படம் மட்டும் ஆடி ஆடி ஓடியது. மேடை, மாலை, பெரிய மனிதர்கள். அக்கே முன்னால் குனிந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.  வெகுநேரம் கழித்து அவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"நங்கி, இது எங்க ஆளுங்க இல்ல போல."

"ஏன் அக்கே?"

"தாடி இருக்கு. தலப்பாவும் கட்டியிருக்கு."

"புது ரெஜிமென்ட்டா இருக்கும்" என்றார் என் கணவர்.

அப்போதுதான் இரைச்சல் விலகி ஹிந்தி கேட்டது. கடலுக்கு அப்பால் அன்றைக்கு ஏதோ இராணுவ விழா; செய்தியில் அதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். டெல்லி சிப்பாய்களிடையே நாங்கள் அக்கேயின் மகனைத் தேடிக்கொண்டிருந்தோம்.

"பெரியண்ணே, இது டெல்லி!"

"டெல்லியா? அப்ப பாட்டுக்கே விட்டுறவா?"

"ஐயோ, வேணாம்! நம்ம டவர் இருக்கிற நுவரெலியாப் பக்கம் திருப்புங்க!"

எதிர்க் காம்பரா அக்கா சிரிக்கத் தொடங்கி, அக்கேயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அக்கே கைகளைக் கோத்து மடியில் அழுத்தியிருந்தார். இதற்குள் அவன் மேடைக்கு வந்து போயிருந்தால்? 

மேலே இரும்பு உரசும் சத்தம் கேட்டது. பிறகு, மழை பெய்யும் அந்த மாலையில் படம் வந்தது; அவ்வளவு தெளிவான படம் எங்கள் டீவியில் அதற்கு முன் வந்ததில்லை. சிங்களத்தில் ஒரு பெண் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று படம் சரிந்தது. "போகுது!" என்று கணவர் கத்தினார். மறுபடி நின்றது. காற்று பைப்பைச் சுழற்றுகிறது, கை விட்டால் திரும்பிவிடும், கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று பெரியண்ணன் மேலிருந்து கத்தினார். அந்த மழையில்.

பெயர் பெயராக வந்தது. அக்கே எதற்கும் அசையவில்லை. பிறகு ஒரு பெயருக்கு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எங்களுக்கும் புரிந்தது.

ஆனால் படம் மேடையில் நின்ற பெரியவரைத்தான் காட்டியது. அவர் கையில் பதக்கம் இருந்த தட்டம். மறுபடி மாறியபோது மகன் அவர் முன்னால் வந்து நின்றிருந்தான். இடுப்புக்கு மேலே மட்டும். மெலிந்திருந்தான். நெஞ்சில் பதக்கம் குத்தினார்கள். சல்யூட் அடித்தான்.

"எப்படி வந்துச்சு?" என்றார் அக்கே. "யார் கூட்டி வந்தது? பின்னால யாராவது பிடிச்சிருக்கா?"

 அவர் டீவியின் கீழ் விளிம்பில் விரலை வைத்தார், அந்த இடத்தை இழுத்தால் இன்னும் கொஞ்சம் கீழே தெரியும் என்பதுபோல. 

அவன் திரும்பினான். அப்போது மண்டபத்தின் பின்னாலிருந்து, மேடை முழுவதையும் தூரத்தில் காட்டினார்கள். விரல் நகம் அளவுக்குத் தெரிந்தான். தனியாகத்தான் நடந்தான். ஒவ்வொரு எட்டுக்கும் இடது தோள் கொஞ்சம் இறங்கி ஏறியது. மேடையின் ஓரத்துக்கு வந்தான். அங்கே படிகள் இருந்தன. ஒருவர் கை நீட்டினார். அவன் தலையை ஆட்டிவிட்டு, கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கினான்.

"நடக்குது" என்றார் அக்கே. முதலில் சிங்களத்தில், பிறகு எங்களுக்காகத் தமிழில். "எறங்குது. பாரு நங்கி, படி எறங்குது."

என் கணவர் வாசலுக்கு ஓடினார்.

"பெரியண்ணே! எறங்கிட்டான்!"

"என்னா?"

"படி எறங்கிட்டான்! தனியா!"

 "அப்ப விடவா?" என்று மேலிருந்து கேட்டார்.

நான் அக்கேயைப் பார்த்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விட வேணாம்னு சொல்லு. மத்த அம்மாமாருக்கும் புள்ளைங்க இருக்குதானே. அதுகளயும் பாத்துட்டுப் போறேன்."

அதை அப்படியே மேலே கத்திச் சொன்னோம். பெரியண்ணன் எங்களுக்குக் கேட்கிற அளவுக்கு ஏதோ திட்டினார். ஆனால் படம் அசையவில்லை. படையினர் முடிந்து, துணைநின்றவர்கள் வந்தார்கள். இரத்தம் கொடுத்தவர்கள், தாதிமார், காயம்பட்டவர்களை ஏற்றி வந்த ஒரு லொறி டிரைவர்.

"நம்ம பெரியண்ணனுக்கும் ஒன்னு குடுக்கச் சொல்லி எழுதிப் போடணும்" என்றார் எதிர்க் காம்பரா அக்கா. இந்த முறை தாராளமாகச் சிரித்தார். நாங்களும்.

முடிந்த பிறகு பெரியண்ணன் இறங்கி வந்தார். மழைக்குப் போர்த்தியிருந்த சாக்கிலிருந்து தண்ணீர் ஓடியது. துருப்பிடித்த பைப் அவர் கன்னத்திலும் சட்டையிலும் நீளமாக ஒரு கோடு போட்டிருந்தது. நான் டீ கொடுத்தேன். அக்கே அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஈரம் என்று அவர் மறுத்தார். அக்கே பிடித்து உட்கார வைத்தார்.

"எல்லாரும் பாத்தீங்க" என்றார் பெரியண்ணன் டீயை ஊதியபடி. "நான்தான் ஒன்னும் பாக்கல. எப்படித்தான் நடந்தான்?"

ஆளுக்கு ஆள் சொல்லத் தொடங்கினோம். தோள் என்றார் ஒருவர், கம்பி என்றார் இன்னொருவர். அக்கே கையைக் காட்டி எங்களை நிறுத்தி, பெரியண்ணனைச் சிங்களத்தில் அண்ணன் என்று கூப்பிட்டார்.

"இரு அய்யே. நான் காட்டுறேன்."

கூட்டம் விலகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அவர் அடுப்பங்கரை வாசலில் போய் நின்று, சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, எங்கள் காம்பராவின் குறுக்கே நடந்தார். தலை நிமிர்ந்து, இடது தோள் இறங்கி ஏற. இஸ்தோப்புக்கு இறங்கும் ஒற்றைப் படியில் நிலையைப் பிடித்து, ஒரு காலை வைத்து, அதன் பக்கத்தில் மறுகாலை வைத்தார். திரும்பி அதேபோல ஏறி வந்தார். மழையில் நனைந்த அந்த மனிதர் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"பாத்ததா அய்யே?"

"பாத்துட்டேன்" என்றார் பெரியண்ணன். "நல்லாவே பாத்துட்டேன். ஒக்காருங்கம்மா, கால் வலிக்கப் போகுது."