ராஜாவுக்கான ஜெபம்

மயிலாப்பூரில் எங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பாட்டுப்பூசை முடிந்தவுடன் வீட்டுக்குக் கிளம்பிவிட முடியாது. லண்டனில் இருக்கும் ராஜாவைக் காப்பாற்றும்படி ஆண்டவரிடம் லத்தீனில் ஒரு ஜெபம் பாடியாக வேண்டும். பாடற்குழுவுக்குத் தலைவர் அப்பா. ஆர்மோனியம் வாசிப்பவரும் அவரே. சாமியார் நடத்திய பள்ளிக்கூடத்தில்தான் அவருக்கு வாத்தியார் வேலை. பத்து வயதில், குழுவிலேயே உரத்த குரல் என்னுடையது. ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. அதனால் குரல் ஒருபோதும் தயங்கியதில்லை.

சித்தப்பா நாற்பத்திரண்டில் மறியல் செய்து சிறைக்குப் போய், இரண்டு வருஷம் கழித்துத் திரும்பியவர். பூசை முழுக்க பக்தியாக முழங்காலில் இருப்பார். ராஜாவின் ஜெபம் தொடங்கியதும் எழுந்து, கதர்த் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடுவழியாக வெளியே போய்விடுவார். ஓரமாகவாவது போகக்கூடாதா என்று அம்மா புலம்புவாள். வெள்ளைக்காரச் சாமியார் ஒருநாள் அப்பாவைக் கூப்பிட்டு, தம்பியை அடக்கிவைக்கச் சொன்னார். வேலைக்கே உலை வைத்துவிடுவான் என்று அப்பா நடுங்கிப் போனார்.

"ராஜாவுக்கு வரி கட்டச் சொல்லி சேசுநாதரே சொல்லியிருக்காருடா," என்றார் அப்பா.

"வரிதான அண்ணே கட்டச் சொன்னாரு? பாட்டும் பாடச் சொன்னாரா இன்னா?"

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. மூன்று வருஷம், ஒரே வீட்டில், என்னைத் தூது விட்டே காலம் தள்ளினார்கள்.

சுதந்திரம் வந்த அன்று மாதா பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட திருநாளும்கூட. கோயில் கொள்ளாத கூட்டம். ராஜாவின் ஜெபம் இனி உண்டா, இல்லையா? மேலிடத்திலிருந்து எந்த உத்தரவும் வரவில்லை. அப்பாவோ உத்தரவில்லாமல் பீடத்து மெழுகுவர்த்தியைக்கூட நகர்த்தாதவர். பூசை முடிந்தது. அவர் விரல்கள் ஆர்மோனியக் கட்டைகள்மேல் அப்படியே நின்றன. சித்தப்பா துண்டைக் கையில் எடுத்துவிட்டார்.

பாவம், அப்பா மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மானத்தைக் காப்பாற்ற நானே உரக்கத் தொடங்கினேன். பழக்கதோஷத்தில் குழுவும் சேர்ந்துகொண்டது. அப்பா மட்டும் வாயைத் திறக்கவில்லை. சித்தப்பாவும் வெளியே போகவில்லை. மறுபடி முழங்காலிட்டு, கடைசி ஆமென் வரை தலை குனிந்திருந்தார்.

வெளியே வந்ததும் அப்பா என் காதைத் திருகினார். சித்தப்பா அந்தக் கையைப் பிடித்து விலக்கினார்.

"வுடு அண்ணே. நேத்து வரைக்கும் கட்டாயம், மனசு வரல. இன்னிக்கு அவரும் நம்மள மாரி ஒரு மனுசன். அவருக்காக நானே வேண்டிக்கினேன்."

அப்பா தம்பியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதார்.

எனக்கானால் ஆத்திரம் பொங்கியது. ஒழுங்காகப் பாடியவளுக்குக் காதுத் திருகல். இத்தனை வருஷம் எழுந்து போனவருக்குக் கண்ணீர் மரியாதையா? அன்று அவர்கள் இருவருமே மனதுக்குப் பட்டபடி நடந்தார்கள் என்பதும், ராஜாவுக்குக் கடைசியாகக் கீழ்ப்படிந்தவள் நான்தான் என்பதும் எனக்குத் தெரியவில்லை.