இடது டயர்

ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டிய காலத்தில், என் வண்டியின் முன்பக்க இடது டயர் மட்டும் வெளி விளிம்பில் மொட்டையாகத் தேய்ந்தது. கொண்டை ஊசி வளைவில் சக்கரம் கழன்று பள்ளத்தில் விழப்போகிறேன் என்று எனக்கு ஒரே கிலி. மற்ற டிரைவர்கள் அமாவாசைக்கு ஒரு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்குவார்கள். நான் தினமும் அந்த இடது சக்கரத்துக்கு மட்டும் மூன்று நசுக்கினேன். வண்டியில் ஊறுகாய் வாசனை அடித்ததே தவிர, தேய்வு நிற்கவில்லை.

போடியில் பட்டறைக்காரர் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு அடியில் குனிந்தார்.

"அண்ணே, இந்தப் பக்கம் ஸ்பிரிங்குல வில்பட்டை ரெண்டைக் காணோம். வண்டி சாஞ்சு நின்னா டயரு தேயாம என்ன செய்யும்? எந்தக் கிறுக்கன் கழட்டுனான்?"

"நாந்தாப்பா."

பயத்தில் அதுகூட மறந்துபோயிருந்தது. முழங்கால் மடக்க முடியாத என் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, அவள் ஏறும் பக்கத்தைத் தாழ்த்தியிருந்தேன். அவள் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"மாட்டிரவா? வெரசா முடிச்சிரலாம்."

உயிர்ப்பயம் பெரிது. "மாட்டு" என்றேன்.

படி நான்கு விரற்கடை உயர்ந்தது. இனி அவளால் ஏற முடியாது.