கிரேனுக்குக் கீழே மரியாதை

மதுக்கரைப் பக்கம் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் கிரேன் ஓட்டுகிறேன். ஓட்டுவது என்றால், கீழே நின்று பட்டனை அமுக்குவதுதான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் சேஃப்டி ஆபீசர் ஒரு பெண். வந்த வாரமே எல்லோரையும் உட்கார வைத்து, இங்கே எதெல்லாம் ஆபத்து, நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு அடிபடும் என்று கேட்டார். கொதிக்கும் இரும்பு, மணல் தூசி, பிய்ந்த ஒயர் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் முதலாளி அவருக்கு பட்டறையைச் சுற்றிக் காட்டினார். இங்கே இதுவரை யாருக்கும் சிராய்ப்புகூட இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே, நான் கிரேனில் தூக்கி நிறுத்தியிருந்த, வார்த்தெடுத்த இரும்பு காஸ்டிங்குக்குக் கீழே போய் நின்றார். அண்ணாந்து பார்த்தேன். செயின் கொக்கி ஒரு பக்கம் நழுவிக்கொண்டிருந்தது. இறக்கினால் அவர் தலைமேல்தான் இறங்கும்.

"ஏனுங்க மொதலாளிங்க, கொஞ்சம் அந்தப் பக்கமா நகந்து நின்னுக்கறீங்களாங்க?"

நான் உபசாரம் செய்வதாக நினைத்துக்கொண்டார். "இருக்கட்டும் கண்ணு, நமக்கு இங்கயே சௌரியம்."

"இல்லீங்க, மேல வந்துங்க..."

"மேல பெயிண்ட் அடிக்கோணும், தெரியும்" என்றார்.

கொக்கி இன்னும் நழுவியது. "டேய், தள்ளுடா!" என்று கத்திவிட்டேன்.

முதலாளி துள்ளி விலகினார். அவர் நின்ற இடத்தில் காஸ்டிங் விழுந்து சிமெண்ட் தரை பெயர்ந்தது.

யாரும் தரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள். ஃபோர்மேன் என் காதருகே வந்து, "மொதலாளியப் போயி டேய்னு சொல்லிப்போட்டியேப்பா" என்றார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

முதலாளி பெயர்ந்த தரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன கண்ணு?" என்றார்.

அடுத்த நாள் எங்களுக்குக் கத்துவதற்குப் பயிற்சி. ஆபீசர் எதிரே நின்று, ஒவ்வொருவரும் தன்னைப் பார்த்து "தள்ளு" என்று கத்த வேண்டும் என்றார். முதலில் ஃபோர்மேன். நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "தள்ளுங்க அம்மணி" என்றார். ஆபீசர் மறுபடி சொல்லச் சொன்னார். "தள்ளு" என்றவர், கொஞ்சம் பொறுத்து மெதுவாக "ங்க" என்றார். ஒருவரும் தேறவில்லை. ஓரமாக நின்று பார்த்த முதலாளி, என் முறை வந்தபோது மட்டும் குறுக்கிட்டார்: "இவனுக்கு ட்ரெய்னிங் வேண்டாமுங்க. டா-வ மட்டும் கொறைச்சுக்கச் சொல்லுங்க."

நான் கற்றது இவ்வளவுதான். தொங்கும் பாரத்துக்குக் கீழே யார் நின்றாலும் முதலில் கத்துங்கள். மன்னிப்பைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். அதில் எத்தனை 'ங்க' வேண்டுமானாலும் போடலாம். கேட்பதற்கு ஆள் இருப்பார்.